ஃப்ரிட்ஜுக்குக் கீழே ஒரு குளம்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எங்கள் சமையலறையில் தினமும் காலையில் ஒரு சின்னக் குளம். கூரை ஒழுகுகிறதோ என்று முதலில் அண்ணாந்து பார்த்தோம். கூரை நன்றாகத்தான் இருந்தது. ஒழுகியது ஃப்ரிட்ஜ். இரண்டு கதவு, மேலே ஃப்ரீசர், ஐஸ் கட்டாத ரகம் என்று சொல்லி விற்றது. வாங்கி 9 வருடம் ஆகிறது.

இளவயதில் இது ஒரு துடைப்பத் துணி சமாசாரம். நம் வயதில் அப்படியில்லை. என் மனைவிக்கு இரண்டு வருடத்துக்கு முன் வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆனது. ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வருவாள். விளக்குப் போடாமல் வருவது அவள் வழக்கம், எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை. வழவழப்பான டைல்ஸ் தரையில் நாலு சொட்டுத் தண்ணீர் போதும். நம் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் உண்டு. போதாததற்கு அவளுடைய இன்சுலினும் அந்த ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது.

ஒரு மெக்கானிக்கிற்குப் போன் செய்தேன். வந்து பார்க்காமலே, "கேஸ் போயிருக்கும் சார், இல்லன்னா போர்டு போயிருக்கும். ஆறாயிரத்துக்கு மேல ஆகும், பேசாம புதுசு வாங்கிடுங்க" என்றார். மகன் வீடியோவில் அதையேதான் சொன்னான், கொஞ்சம் அன்போடு. கேஸ் போயிருந்தால் ஃப்ரிட்ஜ் குளிராது. எங்கள் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் கல்லாக இருந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

தொலைபேசித் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். லைன் டெட் என்று புகார் வந்தால் உடனே கம்பத்தில் ஏறிவிட மாட்டோம். கோளாறு எக்ஸ்சேஞ்சுக்கு உள்ளேயா, வெளியேயா என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். வெளியே என்றால் கேபினெட் வரைக்குமா, அதற்கு அப்பாலா. இப்படிப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் கோளாறு கைக்குள் வந்துவிடும். தண்ணீருக்கும் அதே முறைதான்.

முதலில் கதவு ரப்பர். ஒரு 10 ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ரப்பர் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ஈரக்காற்று உள்ளே போகிறது. நான்கு பக்கமும் பார்த்தேன், நோட்டு நன்றாகவே பிடித்தது. அடுத்தது பின்பக்கத் தட்டு. கம்ப்ரசருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அது விரிசல் விட்டிருந்தால் தண்ணீர் பின்னால் தேங்கும். கீழ்வீட்டுக் கல்லூரிப் பையனைக் கூப்பிட்டு ஃப்ரிட்ஜை ஓரடி முன்னால் இழுத்தேன். தட்டில் விரிசல் இல்லை. ஆனால் அது காய்ந்து, தூசி படிந்து கிடந்தது. இந்த மழைக்காலத்தில் அந்தத் தட்டு ஈரமாக இருக்க வேண்டும். அப்போதே எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். ஐஸ் கட்டாத ஃப்ரிட்ஜிலும் ஐஸ் கட்டத்தான் செய்கிறது, நம் கண்ணில் படாத இடத்தில். ஃப்ரீசரின் பின்சுவர்ப் பலகைக்குப் பின்னால் குளிர்க்குழாய்ச் சுருள் இருக்கிறது. நாம் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகும் காற்றின் ஈரம் அதில் பனியாகப் படியும். சென்னை மழைக்காலக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். படிந்த பனியை உருக்க அங்கேயே ஒரு சின்ன ஹீட்டர் அவ்வப்போது தானாக வேலை செய்யும். உருகிய தண்ணீர் சுருளுக்கு அடியில் உள்ள ஓட்டை வழியாக ஒரு குழாயில் இறங்கிப் பின்பக்கத் தட்டுக்கு வரும். அங்கே கம்ப்ரசர் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். யாருக்கும் தெரியாமல் வருடக்கணக்கில் நடக்கிற வேலை. அந்தத் தட்டு காய்ந்திருக்கிறது என்றால் தண்ணீர் வழியில் எங்கோ நிற்கிறது.

ஃப்ரீசரைக் காலி செய்து பார்த்ததில் அடித்தரையில் கண்ணாடி போல ஒரு விரல் தடிமனுக்கு ஐஸ். சுவரில் ஒன்றுமில்லை. இந்த வித்தியாசம் முக்கியம். அடியில் மட்டும் பலகையாக ஐஸ் இருந்தால் ஹீட்டர் பனியை உருக்குகிறது, தண்ணீர்தான் போக வழியில்லாமல் அங்கேயே உறைகிறது என்று அர்த்தம். மிச்சம் கீழ்த்தட்டில் சொட்டி, கதவு வழியாகத் தரைக்கு வரும். அப்படியில்லாமல் பின்சுருள் முழுக்கப் பஞ்சு போலப் பனி மூடியிருந்தால் ஹீட்டரோ அதைச் சேர்ந்த சென்சாரோ பழுது. அதில் நாம் கை வைக்கக் கூடாது, மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சுவிட்சை அணைத்ததோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்கினேன். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனால் உபயோகிக்கக் கூடாது. அதனால் அதைக் கீழ்வீட்டு ஃப்ரிட்ஜில், ஃப்ரீசருக்கு ஒட்டாமல், நடுத்தட்டில் வைக்கச் சொல்லிக் கொடுத்தோம். ஃப்ரீசருக்குள் மடித்த துணி மேல் ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்துக் கதவைச் சாத்தினேன். இரண்டு முறை வெந்நீர் மாற்றியதும் ஐஸ் பலகை தானாகக் கழன்று வந்தது.

"என்னங்க, கத்தியால ரெண்டு தட்டு தட்டினா வந்துடுமே" என்றாள். அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். கத்தி குளிர்க்குழாயில் பட்டால் அன்றோடு ஃப்ரிட்ஜ் முடிந்தது. அதோடு, இப்போது வருகிற பல ஃப்ரிட்ஜுகளில் இருப்பது ஆர் 600ஏ என்ற வாயு. ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்பலகையின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினேன். சுருளுக்கு அடியில் சுண்டு விரல் நுழையும் அளவு ஓட்டை, அது நிறைய ஐஸ். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஊசியில்லாத 50 மில்லி சிரிஞ்சில் டிரிப் ஏற்றும் டியூபில் ஒரு முழம் வெட்டிச் சொருகி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் செலுத்தினேன். இரண்டுமாகச் சேர்த்து 100 ரூபாய்கூட ஆகவில்லை. ஆறேழு தடவை செலுத்தியதும் களுக்கென்று ஒரு சத்தம், தண்ணீர் இறங்கியது. ஆனால் பின்னால் பார்த்த பையன், "அங்கிள், தட்டுல ஒண்ணும் வரலையே" என்றான்.

லைன் வேலையில் இது பழக்கமான விஷயம். சத்தம் ஒரு இடத்தில் கேட்கும், கோளாறு வேறு இடத்தில் இருக்கும். அந்தக் குழாயின் கீழ் நுனியில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் மூடி. வெளிக்காற்று மேலே ஏறாமல் தண்ணீரை மட்டும் விடுவதற்காக வைத்தது. அதைக் கழற்றிப் பிதுக்கினால் மை போலக் கறுப்பாகச் சகதி, நடுவில் வெள்ளையாக நாலைந்து தேங்காய்த் துருவல். ஃப்ரீசரில் தேங்காய்த் துருவி வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். பலகையின் காற்றுத் துளை வழியாக ஒவ்வொன்றாகப் போயிருக்கிறது. கீழே அடைத்ததால் குழாயில் தண்ணீர் நின்று, மேல்வரை ஏறி உறைந்திருக்கிறது. மேலே மட்டும் ஐஸை உருக்கிவிட்டு மூடியிருந்தால் பத்து நாளில் மறுபடி குளம்தான்.

ரப்பரைக் கழுவி மாட்டினேன். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கலந்து மேலே ஊற்றச் சொல்லிவிட்டு நான் பின்னால் குனிந்தேன். பத்து எண்ணுவதற்குள் தட்டில் மஞ்சளாக வந்து விழுந்தது. டெஸ்ட் போனில் டயல் டோன் கேட்டது போல இருந்தது.

பிறகு மூன்று நாள் ஃப்ரிட்ஜுக்கு அடியில் பழைய செய்தித்தாள் விரித்து வைத்தேன். மூன்று நாளும் காய்ந்தே இருந்தது. இன்சுலின் வீடு திரும்பியது. தேங்காய்த் துருவல் இப்போது மூடி போட்ட டப்பாவுக்கு மாறிவிட்டது, யார் உத்தரவு என்று கேட்காதீர்கள்.

கீழ்வீட்டுப் பையன் போய் அவன் அம்மாவிடம் என்ன சொன்னானோ, சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள். அவர்கள் வீட்டில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், காய்கறி டப்பாவில் தண்ணீர் நிற்கிறதாம். அந்த ரகத்தில் ஓட்டை உள்ளே பின்சுவரின் அடியிலேயே கண்ணுக்குத் தெரியும். ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றிக் குத்தியதில் ஒரு கொத்தமல்லிக் காம்பு வந்தது. ஐந்து நிமிட வேலை.

"எங்க ஏ.சி.யும் இதே மாதிரி சொட்டுது அங்கிள், அதையும் பார்த்துடறீங்களா?"

அதுவும் ஏறக்குறைய இதே கதைதான். ஆனால் அதற்கு ஏணியில் ஏற வேண்டும். மேல்மாடிப் படியில் நின்றிருந்த என் மனைவியை நிமிர்ந்து பார்த்தேன். "ஏ.சி.க்கு ஆள் கூப்பிட்டுக்கம்மா" என்றாள் அவள்.