பல்ப்பர் வீட்டு எஞ்சின்

சேலத்துப் பட்டறையில் ஒழுங்காக ஓடிக் காட்டிய எஞ்சின், இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்கு வந்ததும் கரும்புகை விடும். மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. சேலம் கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 280 மீட்டர். ஏற்காடு 1,500. சேர்வராயன் கோயில் மேடு 1,600-ஐத் தாண்டும். கடற்கரையில் இருக்கிற காற்றழுத்தத்தில் ஆறில் ஐந்து பங்குதான் அந்த மேட்டில் உண்டு. கார்பரேட்டர் அதையெல்லாம் கண்டுகொள்ளாது. கீழே விட்ட அளவுக்கே மேலேயும் எரிபொருளை விடும், சேர்ந்து எரியக் காற்று பற்றாது. பிளக்கில் கரி படியும், இழுவை குறையும். "இவன் மலைக்காரன் ஆகிற வரைக்கும் கொஞ்சமாத்தான் குடிக்கணும்" என்று சொல்லி, எஸ்டேட் எஞ்சின் டிரைவர் ஊசியைக் கால் சுற்று திருகுவார். புகை வெளுக்கும். எங்களுக்கு அவர் எஞ்சின் மாமா.

அப்பா அந்த எஸ்டேட்டில் ரைட்டர். கோயிலுக்குப் போகிற பாதைக்குக் கீழே, சில்வர் ஓக் நிழலில் காப்பி. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில் காப்பி நட்ட கதை ஏற்காட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காப்பியை யார், எதை வைத்து, எந்த நேரத்தில் தோலுரித்தார்கள் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அது சொல்லாமலே தெரிந்திருந்தது. நவம்பரில் பழம் சிவக்கும். பகலில் பறித்த பழத்தை அன்று மாலையே பல்ப்பரில் போட்டாக வேண்டும். மூட்டையில் ஒரு ராத்திரி கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும், காப்பியின் ருசி போய்விடும். எனவே, பெண்கள் எடை போட்டுவிட்டு லயன் வீடுகளுக்குத் திரும்புகிற நேரத்தில்தான் எஞ்சினுக்குப் பொழுது விடியும். பழமும் தண்ணீரும் மேலிருந்து இறங்க, தோல் ஒரு பக்கமும் வழவழப்பான கொட்டை இன்னொரு பக்கமுமாகப் பிரிய, ராத்திரி வெகு நேரம் வரை அந்தச் சத்தம் பள்ளத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். ஊரில் பலர் அதைத் தொந்தரவு என்றார்கள். சத்தம் நின்றால் எனக்கு விழிப்பு வந்துவிடும். எதுவோ கெட்டுவிட்டது, அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பப் போகிறார் என்று அர்த்தம்.

அது மண்ணெண்ணெய் எஞ்சின். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்த வில்லியர்ஸ் வகை. அதே குடும்பத்து எஞ்சின்கள் பிறகு நம் நாட்டில் கிரீவ்ஸ் பெயரில் தோட்டங்களிலும் வயல்களிலும் ஓடின. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அதனால் டேங்க்கில் பெட்ரோலுக்கு ஒரு சின்ன அறை, மண்ணெண்ணெய்க்கு ஒரு பெரிய அறை. நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கார்பரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெயை எரித்துத் தீர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் முனகும், கிளம்பாது. அதற்கு முன்னால் அங்கே வேறொரு எஞ்சின் இருந்ததற்குச் சாட்சியாகத் தரையில் நான்கு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அங்கிருந்தது லிஸ்டர் 'டி' என்று மாமா சொல்வார். டர்ஸ்லி என்ற சிற்றூரில் 1926 முதல் 1964 வரை செய்த, ஒன்றரைக் குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின். நிமிஷத்துக்கு 700 சுற்றுதான். நான் அதைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த போல்ட்டில் முழங்கால் இடித்துக்கொள்ளாத பிள்ளை எங்கள் லயனில் இல்லை.

எஞ்சின் ஓடித் தேய்ந்து கெடும் என்று பொதுவாக நினைக்கிறோம். பல்ப்பர் வீட்டு எஞ்சின் நின்று கெடும். பிப்ரவரியோடு சீசன் முடிந்தால் மறுபடி கார்த்திகையில்தான் அதன் ஞாபகம் வரும். இடையில் டேங்க்கின் அடியில் கால் பாகம் எண்ணெய் கிடக்கும், மீதி வெறும் காற்று. டேங்க் மூடியில் மூச்சு விட ஒரு சிறு துளை உண்டு. பகல் வெயிலில் உள்ளே இருக்கிற காற்று விரிந்து வெளியே போகும். ராத்திரி குளிரில் சுருங்கி, வெளியே இருக்கிற மூடுபனியை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் தகரத்தில் வியர்த்து வழிந்து அடிக்குப் போகும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் தண்ணீரைவிட லேசு என்பதால் தண்ணீர் மிதக்காது, கீழ்த் தையலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்பது மாதம் அப்படி உட்கார்ந்தால் தகரம் என்னவாகும்? சேர்வராயன் மலையில் டேங்க்கெல்லாம் அடித் தையலில்தான் ஓட்டையாகும். மாமா 501 பார் சோப்பைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து அடைப்பார். பெட்ரோலில் சோப்பு கரையாது. சீசன் முடிகிற வரை தாங்கும்.

அந்த எஞ்சின் இப்போது என்னிடம் இருக்கிறது. எஸ்டேட்டில் பழைய இரும்பு எடைக்குப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதே எடைக்குப் பணம் கொடுத்து அம்பத்தூருக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் அது நிற்கிறது, கார் தெருவில் நிற்கிறது.

டேங்க்கைக் குலுக்கினால் உள்ளே சோளம் பொரிந்த மாதிரி துரு சலசலத்தது. துரு எடுக்க ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஆசிட் ஊற்று என்றார் ஒருவர். கழிவறை ஆசிட் துருவையும் தின்னும், தகரத்தையும் தின்னும். கழுவி வைத்த மணி நேரத்தில் புதுத்துரு பிடித்துக்கொள்ளும். சைக்கிள் செயினை உள்ளே போட்டுக் குலுக்கு என்றார் இன்னொருவர். உதிரி போகும், மூலையில் இருப்பது போகாது. நான் நம்புவது சலவைச் சோடாவை. டேங்க்கில் தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா கரைத்து, ஓட்டை வாய்களையெல்லாம் அடைத்து, மூடி வாய் வழியாக ஓர் இரும்புக் கம்பியைத் தகரத்தில் படாமல் தொங்கவிட வேண்டும். பேட்டரி சார்ஜரின் நேர்முனை கம்பிக்கு, எதிர்முனை டேங்க்குக்கு. மாற்றிக் கொடுத்தால் கம்பி பிழைக்கும், டேங்க் போகும். கம்பி சாதாரண இரும்பாகத்தான் இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் அதிலுள்ள குரோமியம் நஞ்சாகத் தண்ணீரில் இறங்கும். குமிழ் குமிழாக வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் பீடி பற்றவைக்கிற ஆள் நிற்கக் கூடாது. ஒரு ராத்திரி போனால் தண்ணீர் காவி நிறமாகும், துரு கறுத்துச் சேறாக இறங்கும். அவசரமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி கரும்பாலை மொலாசஸ். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி இரண்டு வாரம் மறந்துவிடலாம். நாற்றம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மொலாசஸ் என்றதும் எனக்கு ஒரு சிரிப்பு வரும். துருவைத் தின்கிற அதே மொலாசஸிலிருந்தும் காய்ச்சி எடுக்கிற எத்தனாலைத்தான் இப்போது பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு கலக்கிறார்கள். 2025-லிருந்து பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பது இதுதான். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஓர் அளவுக்கு மேல் போனால், இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாய் ஊதிப்போகும், பழைய டேங்க்குக்குள் பூசிய பூச்சு சில உரிந்து வந்து ஜெட்டை அடைக்கும். தினமும் ஓடுகிற வண்டிக்கு இதில் பெரிய கவலை இல்லை. நின்று கெடுகிற ஜாதிக்குத்தான் இது எமன். வேலை முடிந்தால் டேங்க்கை ஒட்ட வடித்து, இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி வைக்கிறேன். மண்ணெண்ணெய் அறை காலிதான். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அருகிப்போன காலத்தில் அதை நிரப்ப எங்கே போவது? மண்ணெண்ணெய்க்காகச் செய்த எஞ்சினில் அமுக்கம் குறைவு, எனவே வெறும் பெட்ரோலிலும் குறையில்லாமல் ஓடும்.

தையல் ஓட்டைக்கு ஈயப் பற்று வைக்க டிங்கர் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் டேங்க்கை முகர்ந்து பார்த்தார், அப்போதே நல்ல தொழில்காரர் என்று தெரிந்துவிட்டது. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ளே ஆவி நிற்கும். அவர் சோப்புத் தண்ணீரால் அலசி, ஓட்டைக்குக் கீழே வரை தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டுதான் சூட்டுக்கோலை எடுத்தார்.

உதிரிபாகம் தேடுவது தனி அலைச்சல். புதுப்பேட்டையில் வில்லியர்ஸ் என்று கேட்டால் 'ஷெர்ப்பா' பைக் சாமானை எடுத்து நீட்டுகிறார்கள். அதுவும் வில்லியர்ஸ் வழி வந்ததுதான். சென்னை என்ஃபீல்டு செய்தது. ஆனால் அது இரண்டு ஸ்ட்ரோக், என்னுடையது நான்கு ஸ்ட்ரோக். பேர் ஒன்று, வீடு வேறு. டீசல் லிஸ்டர் வைத்திருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1930 வாக்கில் வந்த அந்த 650 சுற்று எஞ்சினின் நகலை ராஜ்கோட் பட்டறைகள் விடாமல் வார்த்து வந்ததால், அதற்கு வேண்டியதெல்லாம் புதிதாகவே கிடைக்கும். என்னைப் போன்றவர்களுக்கு லேத் பட்டறைதான் கதி. "ரிங் கெடைக்காதுங்க சார், பெரிய ரிங்கை வாங்கி அறுத்துத் தேச்சுப் போட்டுக்கலாம்" என்கிற ஆள் கோயம்புத்தூரிலும் சேலத்திலும் இன்னும் இருக்கிறார்.

பெட்ரோல் குழாய் மட்டும் எதிர்பாராத இடத்தில் சிக்கியது. பைக் கடைகளில் கிடைக்கும் குழாயெல்லாம் மெட்ரிக் மரை, என் டேங்க்கில் ஏறவில்லை. பழைய பிரிட்டிஷ் எஞ்சின்கள் பலவற்றில் டேங்க் மரை கால் அங்குல பி.எஸ்.பி., அதாவது அங்குலத்துக்கு 19 மரை, மரையின் கோணம் 55 டிகிரி. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களும் இன்றுவரை அதே பி.எஸ்.பி. மரைதான். ஆகவே வெள்ளைக்காரன் செய்த டேங்க்குக்கு முனை கிடைத்தது தெருமுனைப் பிளம்பிங் கடையில். பழைய குழாயின் உள்ளே இருந்த கார்க் காய்ந்து சுருங்கியிருந்தது. வெந்நீரில் ஊறப்போட்டால் உப்பிப் பழைய அளவுக்கு வரும் என்பது மாமா சொன்னது. வந்தது.

அந்தக் காலத்தில் உதிரிபாகம் மலையேறிய விதத்தை நினைத்தால் இப்போதும் ஆசையாக இருக்கிறது. கோயில் மேட்டுப் பக்கம் வெட்டிய பாக்சைட், லாரியில் மேட்டூர் மால்கோ ஆலைக்கு இறங்கும். திரும்பி வரும் காலி லாரியின் கேபினில் பழைய துணியில் சுற்றிய பிஸ்டனோ, பற்று வைத்த டேங்க்கோ வரும். டிரைவருக்குக் கூலி ஒரு பொட்டலம் காப்பித்தூள். மே மாதம் சேர்வராயன் திருவிழா வந்தால் நிலைமை தலைகீழ், மாமாதான் மேலே போக வேண்டும். குனிந்து நுழைகிற அந்தக் குகைக்குள் சேர்வராயனும் காவிரியம்மனும், வெளியே மலையாளிப் பழங்குடி மக்கள் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வந்து நிறைந்த மைதானம், வளையல் கடை, பொரி கடை, கடைக்கு வெளிச்சம் தருகிற சின்னச் சின்ன ஜெனரேட்டர்கள். மூடுபனி இறங்கியதும் ஒவ்வொன்றாக இருமும். மாமா பிளக்கைக் கழற்றி டீக்கடை அடுப்பில் சுட வைத்து, சூட்டோடு மாட்டிக் கயிற்றை இழுப்பார். ஒரே இழுப்பு. சாமி கும்பிட வந்தவர்கள் சிலர் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். அவர் அதற்குச் சங்கோஜப்பட்டதாகத் தெரியவில்லை.

என் எஞ்சின் இப்போது ஓடுகிறது. மலைக்காக அவர் இறுக்கிய ஊசியைக் கடற்கரைக் காற்றுக்குத் தக்கபடி தளர்த்தினேன். அப்படித் தளர்த்தும்போது கை தயங்கியது என்பது உண்மை. இரண்டாவது இழுப்பில் கிளம்பி, பழைய குரலிலேயே பேசுகிறது. ஆனால் பெல்ட் மாட்டாத சக்கரம் சும்மா சுற்றுகிறது. பளு ஏறியதும் கவர்னர் எட்டிப் பிடித்து எஞ்சின் குரல் தடிக்குமே, அது கேட்கவில்லை. கூடை கவிழ்ந்து பழம் சரியும்போது ஒரு தரம் தொண்டை கட்டி, பிறகு தெளியும். கண்ணை மூடிக்கொண்டே எத்தனை கூடை ஆயிற்று என்று சொல்லிவிடலாம். தட்டைப் பெல்ட் வழுக்கினால் மாமா குங்கிலியப் பொடி தூவுவார், அந்த வாசனையும் காப்பித் தோல் புளிக்கிற வாசனையும் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரும். எஞ்சினுக்கு வேண்டிய எதையும் எப்படியாவது தேடிப் பிடித்துவிடலாம் போலிருக்கிறது. அது செய்த வேலையை எந்தப் புதுப்பேட்டையில் கேட்பது?

எஸ்டேட்டுக்குப் போன் போட்டு, எஞ்சின் சரியாகிவிட்டது, இந்தச் சீசனுக்கு ஒரு மாலை மட்டும் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். இப்போதைய ரைட்டர் மரியாதையான பையன். "வாங்க சார், தாராளமா. ஆனா பல்ப்பர்ல மோட்டார் மாட்டியாச்சு, ஸ்விட்ச் போட்டா ஓடிடும். உங்க எஞ்சினை எங்க மாட்டறது?" என்றான்.

லிஸ்டர் போல்ட் நான்கும் தரையில் இருக்கிறதா பாருங்கள் என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, இருக்கிறது என்றான். இடைவெளியை டேப் வைத்து அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அளவு வந்ததும் அதற்கு ஓர் இரும்புச் சட்டம் செய்ய லேத்காரரிடம் சொல்ல வேண்டும்.