காணாமல் போன 7 சதவீதம்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை பிடிச்சுக் கிடக்கு. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கு எழுதப்போறதும் அந்த ஆணிகள்ல ஒண்ணைப் பத்தித்தான். கொஞ்சம் கணக்கு வரும், பயந்து ஓடிராதீங்க மக்களே.

நான் பொட்டி தட்டுறது வழக்கமான பேங்க் சாஃப்ட்வேர் இல்லை. அசுர வேகத்துல போற வாயுவுக்குள்ள ஒரு திரவத்தைப் பீய்ச்சினா என்ன ஆகும்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்கிற சமாச்சாரம். இது யாருக்குய்யா வேணும்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்ற உதாரணம் நம்ம பி.எஸ்.எல்.வி.

2008ல சந்திரயானையும் 2013ல மங்கள்யானையும் சுமந்துட்டுப் போன அதே ராக்கெட்தான். அதோட முதல் அடுக்கு திட எரிபொருள்ல ஓடுறது. நாசில் பொருத்தினது பொருத்தினபடியே இருக்கும், ஆட்டித் திருப்ப முடியாது. அப்போ ராக்கெட்டை எப்படித் திருப்புறது? பக்கத்துல கட்டியிருக்கிற ரெண்டு தொட்டியில ஸ்ட்ரான்சியம் பெர்குளோரேட் கரைசல் இருக்கு. அதை நாசில் சுவர் வழியா உள்ளே பீய்ச்சுவாங்க. உள்ளே வாயு ஒலியை விட வேகமாப் போயிட்டிருக்கும். குறுக்கே வந்த திரவத்துல அது பாறையில மோதுற மாதிரி மோதி ஓர் அதிர்ச்சி அலை உண்டாகும். அந்தப் பக்கச் சுவர்ல அழுத்தம் ஏறும். திரவம் ஆவியாகி, சிதைஞ்சு, வாயுவாகிறதும் கூடச் சேர்ந்துக்கும். ராக்கெட்டோட வால் அந்தப் பக்கம் தள்ளப்பட, மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பும்.

நாங்க எழுதுற சாஃப்ட்வேர் இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான். அதுல திரவம் சிதறுற பகுதி என் பொறுப்பு. போன ஜூலையில ரிவ்யூவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது படம் அருமையா வந்திருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஊருக்குக் கிளம்பிட்டேன்.

தென்காசியில சாரல் சீசன். மறுநாள் அப்பாவோட குற்றாலம் போனேன். பேரருவியில தண்ணி ஆர்ச்சைத் தாண்டி விழுது, குளிக்கத் தடை. தள்ளி நின்னே ரெண்டு பேரும் நனைஞ்சோம். செங்கோட்டைப் பக்கமிருந்து வர்ற காத்து விழுற தண்ணியைப் பிய்ச்சுப் பொடியாக்கி எங்க மூஞ்சியில அடிச்சுக்கிட்டிருந்துச்சு.

"நீ என்னதாம்ல வேல பாக்க?"ன்னார் அப்பா. கேட்டு ஆறு வருஷம் ஆச்சு, நானும் ஒருதடவைகூட உருப்படியா சொன்னதில்லை. இப்போ கண்ணு முன்னாடியே நடக்குது.

"இதாம்ப்பா. துளியை உடையாமப் பிடிச்சு வைக்கிறது அதோட பரப்பு இழுவிசை. உடைக்கப் பாக்கிறது காத்து. ரெண்டுக்கும் உள்ள விகிதத்துக்கு வெபர் எண்ணுன்னு பேரு. சுமாரா 12ஐத் தாண்டினா துளி உடையும். 2 மில்லிமீட்டர் மழைத்துளி கீழ வரும்போது அது ஒண்ணுதான் இருக்கும். அதான் முழுசா தலையில விழுது. 1 மில்லிமீட்டர் துளியை நொடிக்கு 300 மீட்டர் காத்துல விட்டா 1500 ஆயிரும்."

அப்பா கொஞ்ச நேரம் அருவியையே பார்த்துக்கிட்டிருந்தார். முப்பது வருஷம் குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு, தெருத்தெருவா வால்வு திறந்துவிட்ட மனுஷன்.

"அது சரில. மேல இருந்து விழுத தண்ணி பூரா கீழ வந்து சேருதா, வழியிலயே காணாமப் போவுதா? ஒன் கம்ப்யூட்டர் அந்தக் கணக்கு வச்சிருக்கா?"

சுருக்குன்னுச்சு. ஏன்னா, வைக்கலை.

எங்க முறையில இடத்தைக் கோடிக்கணக்கான குட்டிக் கட்டங்களாப் பிரிப்போம். ஒவ்வொரு கட்டத்துலயும் எவ்வளவு பங்கு திரவம்னு 0லேருந்து 1 வரைக்கும் ஓர் எண். கட்டத்தை விடச் சின்னத் துளி வந்தா அந்த எண் கலங்கி, புரோகிராம் மூச்சு முட்டிப் படுத்துரும். அதனால நான் ஒரு வரி எழுதியிருந்தேன்: 0.01க்குக் கீழ இருந்தா பூஜ்யம் ஆக்கு. படம் பளிச்சுன்னு ஆச்சு. எவ்வளவு திரவத்தைத் துடைச்சேன்னு பார்க்கவே இல்லை. உண்மையைச் சொன்னா, பார்க்கப் பிடிக்கலை.

அன்னிக்கு ராத்திரி வீட்டுத் திண்ணையில உக்காந்து எண்ணினேன். உள்ளே போனதுல 7 சதவீதம் வெளியே வரலை, ஆவியாவும் ஆகலை. அதுவும் காணாமப் போனது எது? பொடித்துளி. 1 மில்லிமீட்டர் துளி ஒண்ணு 10 மைக்ரான் துளிகளா உடைஞ்சா பத்து லட்சம் துளி, மொத்தப் பரப்பு நூறு மடங்கு. சீக்கிரம் ஆவியாகிறது அதுதான். முக்கியமானதைத்தான் நான் தொடைச்சு எறிஞ்சிருக்கேன்.

திங்கட்கிழமை டீம் லீடுகிட்ட, "தப்பு என்னோடது, ரிவ்யூவைத் தள்ளி வைங்க"ன்னேன். அவர் மூஞ்சி போன போக்கை இங்க எழுதலை. இப்போ கட்டத்துக்கு அடங்காத துளிகளைத் துடைக்காம, தனித்தனித் துகளா மாத்தி அதுங்க போற பாதையைப் பின்தொடர்றோம். எத்தனை போச்சு, எத்தனை வந்துச்சுன்னு ஒவ்வொரு அடியிலயும் பதிவு. நேரம் ரெண்டு மடங்கு. படம் அழுக்கா இருக்கு.

நேத்து போன்ல அப்பா: "கணக்கு நேராயிட்டால?"

"இன்னும் அரை சதவீதம் இடிக்குதுப்பா."

"அரைன்னா எங்கயோ கசிவுதான். தேடு."

தேடிக்கிட்டிருக்கேன்.

டிஸ்கி: ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி விழும்போது அருவிப் பக்கம் போகாதீங்க. பார்டர் புரோட்டாவுக்குத் தடை எதுவும் கிடையாது.