பெரியமேடு பக்கம் ஒரு நீலச் சட்டை!

ஊரே வீட்டுக்குப் போவதற்காக பார்க் ஸ்டேஷனுக்குள் நுழைகிற நேரத்தில், ஸ்டேஷனை விட்டு வெளியே வருகிற ஆசாமியைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். ஒன்று, அவருக்கு நைட் ஷிஃப்ட். அல்லது அவர் சென்னையின் எஃப்.சி. ரசிகர்.

அடியேன் இரண்டாவது ரகம். கிண்டியில் ஆபீஸ். மேட்ச் உள்ள நாளில் மத்தியானம் மூணு மணிக்கே தலைவலி ஆரம்பித்துவிடும். "என்ன ஸார், உங்க தலைவலி வியாழக்கிழமை வியாழக்கிழமை வருதே... குருப்பெயர்ச்சியா?" என்று மேனேஜர் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. 2024 செப்டம்பர் 26, வியாழன். 2025 ஜனவரி 30, அதுவும் வியாழன். மேட்ச் அட்டவணை போட்ட மகராசன் என்றைக்காவது ஆபீஸில் பர்மிஷன் கேட்டிருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டான்.

ஸ்டேஷனிலிருந்து சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி, ரிப்பன் மாளிகையைத் தாண்டி, ராஜா முத்தையா சாலைப் பக்கம் திரும்ப வேண்டும். பெரியமேட்டின் தோல் மண்டி வாசனை மூக்கில் ஏறும். முதல் தடவை வருகிறவர்கள் கர்சீப் எடுப்பார்கள். எனக்கு அது கோயிலில் கற்பூர வாசனை மாதிரி. அந்த வாசனை வந்தால் இன்னும் கொஞ்ச தூரத்தில் நேரு ஸ்டேடியத்தின் லைட் கம்பங்கள் தெரியும் என்று அர்த்தம்.

இந்த மண்ணுக்கு வயசு அதிகம். கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்த காலத்தில், 1956 ஜனவரியில் நியூஸிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் அடித்த இடம் இதுதான். எங்கள் தாத்தா அதைப் பார்த்தவர். சாகும்வரை, "அந்த மாதிரி ஒரு நாள் அந்த கிரவுண்டுல இனிமே வராதுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்ன பல விஷயங்கள் பலிக்கவில்லை. இது மட்டும் ஏன் பலித்துத் தொலைத்தது என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

வாசலில், சுவர் ஓரமாய் ஒரு பெரியவர். கழுத்தில் கொடி, கையில் தலைப்பட்டை, காலடியில் ஒரு பை நிறைய நீல ஜெர்ஸி. கன்னத்தில் பெயின்ட் அடிப்பதும் அவரேதான். என்னைப் பார்த்ததும், "வா நைனா! இன்னிக்கு இன்னா, ஜெயிப்பாங்களா?" என்பார். "பார்ப்போம் நைனா" என்பேன். பல வருஷமாய் இதே வசனம்தான். கொடி மட்டும் புதுசு.

உள்ளே போனால் முதல் ஏமாற்றம், மைதானம் தூரத்தில் இருக்கிறது. நமக்கும் புல்லுக்கும் நடுவே ஓட்டப்பந்தயப் பாதை வட்டமாய் ஓடுகிறது. கொல்கத்தாவிலும் இதே பாடுதான் என்று சொல்லிச் சமாதானம் செய்துகொள்ளலாம். ஆனால் கார்னர் கொடிப் பக்கம் நடக்கிற சண்டை யாருக்கும் யாருக்கும் என்று தெரிவதற்குள் ரெஃப்ரி கார்டே காட்டிவிடுவார். 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்' பையன்கள் மட்டும் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. டிரம் ஆரம்பித்தால் தொண்ணூறு நிமிஷமும் ஓயாது. தோற்றாலும் ஓயாது. நமக்கு டிக்கெட் காசு செரிப்பது அதனால்தான்.

என்னுடன் வருகிறவர் எங்கள் அக்கவுன்ட்ஸ் நண்பர். வியாசர்பாடிக்காரர். சின்ன வயசில் ரைட் விங்கில் ஆடியவர். இப்போது தொப்பை அவரையும் முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆனால் கண் பழசை மறக்கவில்லை. ஆட்டம் ஆரம்பித்து ரெண்டு நிமிஷம் ஆவதற்குள், "லெஃப்ட்ல ஓட்டை இருக்கு ஸார்" என்பார். மூணாவது நிமிஷம் அந்த ஓட்டை வழியாக கோல் விழும்.

மிகைப்படுத்தவில்லை. ஜனவரி 30-ம் தேதி கேரளா பிளாஸ்டர்ஸ் வந்தபோது நிஜமாகவே மூணாவது நிமிஷம் கோல் விழுந்தது. நான் அப்போதுதான் சமோசாவைப் பிரித்திருந்தேன். ஸ்டேடியத்தில் மஞ்சள் சட்டைகள் துள்ளிக் குதிக்க, நம் ஊரில்தான் இருக்கிறோமா என்று சந்தேகமே வந்துவிட்டது. கொச்சியிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் பாதி, சென்னையிலேயே வேலை பார்க்கிறவர்கள் பாதி. எங்கள் ஆபீஸ் கேன்டீன் சேட்டன்கூட எனக்குத் தெரியாமல் மஞ்சள் சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் இடைவேளைக்கு முன்னாலேயே நம் கொலம்பியா ஃபார்வர்ட் வில்மார் ஜோர்டான் கில் கோபப்பட்டு சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனார். கோல் அடிக்க என்று இருந்த ஒரே ஆள்! பத்துப் பேரோடு மிச்ச ஆட்டம். 1-3. மறுநாள் கேன்டீனில் எனக்கு மட்டும் டீயில் சர்க்கரை ஜாஸ்தி. சேட்டன் சிரித்துக்கொண்டே போட்டது.

அந்த 2024-25 சீஸனை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு கணக்கு புரியவில்லை. நண்பர் அக்கவுன்ட்ஸ்காரர், அவருக்கும் புரியவில்லை. ஜாம்ஷெட்பூர் என்று ஒரு அணி, அந்த வருஷம் ஐந்தாவது இடம் பிடித்தது. அவர்கள் ஊருக்கே போய் 5-1 என்று அடித்தோம். கடைசி மேட்சில், மார்ச் 9 ஞாயிற்றுக்கிழமை, இங்கே 5-2. ஆறுக்கு ஆறு புள்ளி! முகமதன் ஸ்போர்ட்டிங் என்று இன்னொரு அணி. பதிமூணு அணிகளில் பதிமூணாவது. அவர்களிடம் இங்கே 0-1 தோல்வி, கொல்கத்தாவில் 2-2 டிரா. ஆறுக்கு ஒண்ணு! நல்ல மாணவனோடு போட்டி போட்டு ஜெயிப்பான். பக்கத்து பெஞ்ச் மக்கோடு சேர்ந்து தானும் மக்காவான். எங்கள் வீட்டில் ஒருத்தன் இப்படித்தான் ப்ளஸ் டூ படித்தான்.

24 ஆட்டம், 27 புள்ளி, பதினோராவது இடம். முதல் ஆறு அணிகளுக்குத்தான் ப்ளே-ஆஃப். முதல் ஆட்டத்திலேயே ஒடிஷாவை அவர்கள் ஊரில் 3-2 என்று ஜெயித்துவிட்டு வந்தபோது, "இந்த வருஷம் கப் நமக்குத்தான்" என்று மேனேஜரிடம் ஐம்பது ரூபாய் பந்தயம் கட்டினேன். ரூபாய் போனது பெரிசில்லை. அந்த மனுஷர் அதற்கப்புறம் என் தலைவலியை நம்பவே இல்லை.

நமக்கு மட்டும் ஏன் இப்படி? 2015-ல் கோவாவில் பைனல். தொண்ணூறு நிமிஷம் வரைக்கும் 1-2 என்று பின்தங்கி இருந்தவர்கள், ரெண்டு நிமிஷத்தில் ரெண்டு கோல் போட்டு கப்பைத் தூக்கினார்கள். 2018 மார்ச் 17 பைனலுக்கு நானும் நண்பரும் காலையில் சென்ட்ரலில் ரயிலேறி பெங்களூரே போய்விட்டோம். கண்டீரவா ஸ்டேடியம் முழுக்க அவர்கள் ஆட்கள். எங்களுக்கு ஒரு மூலை. ஒன்பதாவது நிமிஷத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டி ஒரு கோல். அந்தச் சத்தத்தில் என் காது ரெண்டு நாள் கேட்கவில்லை. அப்புறம் நம் பிரேஸில் ஸ்டாப்பர் மெயில்சன் ஆல்வெஸ் இருக்கிறாரே... ரெண்டு கார்னர், ரெண்டு முட்டு, ரெண்டு கோல்! இடைவேளைக்குப் பின் ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு. 3-2. ராத்திரி ரயிலில் தூங்கவே இல்லை. ஜோலார்பேட்டையில் டீ விற்றவருக்கெல்லாம் மேட்ச் கதை சொன்னோம்.

அதே அணி அடுத்த சீஸனில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்து கடைசி இடம். அதற்கடுத்த சீஸனில் மறுபடி பைனல்! 2020 மார்ச் 14, கொரோனா பயத்தில் காலி ஸ்டேடியத்தில் நடந்து, ஏ.டி.கே.யிடம் 1-3. அப்புறம் மூணு வருஷம் தொடர்ந்து எட்டாவது இடம். எட்டு, எட்டு, எட்டு. பாட்ஷா பாட்டுக்கு மட்டும்தான் எட்டு சரியாய் வரும் ஸார், பாயின்ட்ஸ் டேபிளுக்கு வராது.

சரி, 2025 மார்ச் 9-க்கு வருவோம். 5-2 ஜெயித்துவிட்டு வெளியே வந்தோம். ஸ்டேடியம் வாசல் டீக்கடையில் நின்று, அடுத்த சீஸனுக்கு என்னென்ன வேண்டும் என்று லிஸ்ட் போட்டோம். டீம் முதலாளிகள் எங்களைக் கேட்கவில்லைதான். கல்யாணத்துக்குப் பெண் வீட்டுக்காரர் கேட்டா சொந்தக்காரன் யோசனை சொல்கிறான்?

நண்பர் முதலில் கேட்டது ஒரு மெயில்சன். "பேக்ல ஒரு மலை வேணும் ஸார். கார்னர் வந்தா நம்மாளுங்க பந்தைப் பார்க்கறாங்க, ஆளைப் பார்க்கறதில்ல." வாஸ்தவம். கேப்டன் ரயன் எட்வர்ட்ஸ் ஒருத்தர் எத்தனை ஓட்டையைத்தான் அடைப்பார்? நான் கேட்டது கோபம் வராத ஒரு ஃபார்வர்ட். கானர் ஷீல்ட்ஸ் மாதிரி ஒருத்தர் ஓடி ஓடி பந்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அதை உள்ளே தள்ள ஒரு ஆள் போதும். வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நேரத்தில் நாலு பேர்தான் ஆடலாம் என்பதால், மிச்ச ஏழு பேரும் நம் நாட்டுப் பையன்கள். நிஜமான பிரச்னை அந்த ஏழில் இருக்கிறது என்பது என் கட்சி.

இதைச் சொன்னதும் நண்பர் டம்ளரை வைத்துவிட்டார்.

"ஸார், எங்க ஏரியாவை குட்டி பிரேஸில்னு பேப்பர்ல எல்லாம் போடறான். சாயங்காலம் வந்து பாருங்க, முட்டிக்கு முட்டி ரத்தம், காலில் ஷூ கிடையாது, ஆனா பந்து காலை விட்டுப் போகாது. தனபால் கணேஷ் எங்க பையன், 2018 டீம்ல இருந்தான். நந்தகுமார் சேகர்? 2023 டூரண்ட் கப்ல மோகன் பகானுக்கு எதிரா கோல் போட்டு ஈஸ்ட் பெங்காலை ஜெயிக்க வச்சானே, அவனும் எங்க பக்கம்தான். கொல்கத்தாக்காரன் தோள்ல தூக்கிட்டு ஆடறான். நம்ம டீம்ல பதினோரு பேர்ல தமிழ் பேசறவன் எத்தனை பேர் ஸார்?"

பதில் சொல்ல முடியவில்லை. வியாசர்பாடிக்கும் பெரியமேட்டுக்கும் நடுவில் மிஞ்சிப்போனால் ரெண்டு, மூணு ஸ்டேஷன். அந்த தூரத்தைக் கடக்க ஒரு பையன் கொல்கத்தா வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. லிஸ்ட்டில் அதைத்தான் முதலில் எழுதினோம். மெயில்சன் ரெண்டாவது.

பேப்பரை நண்பர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அது அவர் பையிலேயே கிடந்தது.

ஏனென்றால் ஜூலை மாசம் ஒரு சேதி வந்தது. லீகை நடத்துகிற கம்பெனிக்கும் கால்பந்து சம்மேளனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிகிறது, புதுப்பிக்கவில்லை, ஆகவே 2025-26 சீஸன் நிறுத்திவைப்பு! நாங்கள் ஃபார்வர்ட் வேண்டும், ஸ்டாப்பர் வேண்டும் என்று லிஸ்ட் போட்டுக்கொண்டிருக்க, ஆடுவதற்கு லீகே இல்லை. மாப்பிள்ளைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கும்போது முகூர்த்தமே ரத்து என்ற கதை. ஆகஸ்டில் அணிகள் ஒவ்வொன்றாய்க் கடையை மூட ஆரம்பித்தன. பெங்களூர் சம்பளத்தை நிறுத்தியது. நம் அணியும் வேலைகளை நிறுத்திவைத்தது. கோச் ஓவன் கோயலும் கிளம்பிவிட்டார். பெரிய ஆட்டக்காரனுக்கு வேறு நாடு, வேறு டீம். ஜெர்ஸி துவைக்கிறவருக்கு, புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவருக்கு, அகாடமியில் சேர்ந்த பதினாறு வயசுப் பையனுக்கு?

(அந்த வருஷம் சி.எஸ்.கே.யும் ஐ.பி.எல்.லில் கடைசி இடம். ரெண்டிலும் சம்பந்தப்பட்ட தோனிக்கு 2025-ல் சென்னையில் எந்தக் கடையும் ஓடவில்லை!)

செப்டம்பரில் ஒரு நாள் சென்ட்ரல் பக்கம் வேலை. ரயிலுக்கு நேரம் இருந்தது. கால் தானாக ராஜா முத்தையா சாலைக்குத் திரும்பிவிட்டது. தோல் வாசனை இருந்தது. லைட் கம்பங்கள் இருந்தன. கேட் பூட்டு. வாக்கிங் வந்த இரண்டு பேர், தூங்குகிற ஒரு நாய். சுவர் ஓரத்தில் நம் பெரியவர்! கொடி இல்லை, நீல ஜெர்ஸி இல்லை. கர்சீப்பும் சாக்ஸும் பரப்பி வைத்திருந்தார். அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார்.

"இன்னா நைனா, ஆளையே காணோம்... அடுத்த மேட்ச் எப்போ?"

"தெரியலை நைனா."

"தோத்துக்கினே இருந்தாலும் பரவால்ல, ஆடச் சொல்லு நைனா. வூட்ல நீல ஜெர்ஸி ஒரு மூட்டை கெடக்குது."

2026 ஜனவரியில்தான் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 14-ல் ஆரம்பம், 14 அணிகள், ஒவ்வொருவரும் ஒரு தடவைதான் மோதிக்கொள்வார்கள், மொத்தம் 91 ஆட்டம். பாதி சாப்பாடு. பரவாயில்லை, இலை போட்டார்களே! சேதியைப் படித்ததும் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனுக்கு ஓடினேன். நண்பர் ஒன்றும் பேசாமல் பையைத் திறந்து அந்த மார்ச் மாசத்து டீக்கடை லிஸ்ட்டை எடுத்தார். மடிப்பு கிழிந்திருந்தது. செல்லோ டேப் கேட்டார்.

ஒட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் மேனேஜர் வந்து நின்றது எங்களுக்குத் தெரியாது.

"என்ன ஸார், மறுபடியும் தலைவலி வர்ற மாதிரி இருக்கா?"