இழுவைப் பாதையில் ஒரு பகல்

பெல்ஜியத்தின் கால்வாய்க் கரைகளில் மிதிவண்டி ஓட்டுவோர் முதலில் உணர்வது அப்பாதையின் மட்டத்தைத்தான். மணிக்கணக்கில் மிதித்தாலும் மூச்சு வாங்குவதில்லை. இம்மட்டம் நிலத்தின் இயல்பன்று. நீர் தேங்கி நிற்க வேண்டுமெனில் படுகை சமமாக அமைய வேண்டும். நீரின் மட்டத்தையே கரையும் பின்பற்றுகிறது. அக்கரைப் பாதையும் உலாவுவதற்கென இடப்பட்டதன்று. படகுகளைக் கயிறு கட்டி இழுப்பதற்கென இடப்பட்டது. வசதி உள்ளோர் குதிரையைப் பூட்டினர். இல்லாத படகுக் குடும்பங்களில் ஆணும் பெண்ணும் சிறுவரும் தம் மார்பிலேயே வாரைப் பூட்டிக்கொண்டனர்.

இவ்வரலாற்றை உடலால் வாசிக்க ஏற்ற இடம், வாலோனியாவில் லா லூவியேர் நகரை ஒட்டிய 'கனால் து சாந்த்ர்' கால்வாயின் பழைய பகுதி. தியூவிலிருந்து ஊடெங்-கோயெஞ்ஞி வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர்தான். எனினும், நின்று நின்று பார்ப்பவருக்கு ஒரு பகல் தேவைப்படும்.

இங்கே கால்வாய் ஏறத்தாழ 66 மீட்டர் உயர வேண்டும். பொறியாளர்கள் அவ்வுயரத்தை வழிநெடுகப் பரப்பாமல் நான்கு இடங்களில் திரட்டி, ஒவ்வோர் இடத்திலும் ஓர் இரும்புப் படகுத்தூக்கியை நிறுவினர். மிதிப்பவரின் கால்கள் இதை உடனே அறிந்துகொள்கின்றன: நெடுநேரம் மட்டம், பிறகு ஒரு குறுகிய ஏற்றம், மீண்டும் மட்டம்.

தூக்கியின் இயக்கம் எளிமையானது. இரு பெருந்தொட்டிகள், ஒவ்வொன்றையும் ஓர் உந்துதண்டு தாங்குகிறது. இரு தண்டுகளின் உருளைகளையும் ஒரு குழாய் இணைக்கிறது. மேலுள்ள தொட்டியில் சற்றே கூடுதலாக நீர் சேர்த்தால் அது இறங்கும், கீழுள்ளது எழும். உள்ளே நுழையும் படகு தன் எடைக்கு நிகரான நீரை வெளியேற்றிவிடுவதால், படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொட்டியின் எடை மாறுவதில்லை. முதல் தூக்கி 1888இல் திறக்கப்பட்டது. மற்ற மூன்றும் இயங்கத் தொடங்கியது 1917இல். யுனெஸ்கோ 1998இல் இந்நான்கையும் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது.

கால்வாயை விட்டுச் சற்று விலகினால் புவா-து-லூக். 1685இல் தோன்றிய நிலக்கரி நிறுவனம் ஒன்றின் ஊர் அது. சுரங்கம் 1973இல் மூடப்பட்டது. தொழிலாளர்களுக்கென நிறுவனமே கட்டிய செங்கல் வீடுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. யாருடைய உழைப்பு இப்படகுகளை நிரப்பியது என்ற வினாவுக்கு அத்தெருக்களே விடை.

பழைய வழியில் சுமார் 300 டன் படகுகளே செல்ல முடிந்தது. 1,350 டன் படகுகளுக்கென ஸ்ட்ரெப்பி-தியூவில் ஒரே தூக்கி எழுந்தது. 73 மீட்டர் உயரத்தை அது ஒரே மூச்சில் கடக்கிறது. அது திறக்கப்பட்டது 2002இல். வாலோனியாவின் கடைசி நிலக்கரிச் சுரங்கமோ 1984இலேயே மூடப்பட்டுவிட்டது. கால்வாயைத் தோற்றுவித்த சரக்கு மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்தே அதன் மாபெரும் பொறி வந்து சேர்ந்தது. சரக்குப் படகுகள் கைவிட்ட பழைய வழியோ மிதிவண்டிகளால் உயிர் பெற்றிருக்கிறது.

மரபுச் சின்னப் பட்டியல் இரும்பைப் போற்றுகிறது. அதில் நியாயம் உண்டு. ஆனால் தூக்கிகள் உயர்த்தியது செங்குத்தாக மட்டுமே. கிடையாக, கல் கல்லாகச் சுமையை நகர்த்திய உழைப்புக்கு இந்நாட்டின் கரைகளில் எஞ்சியிருக்கும் சான்று, பெரும்பாலும் இந்த மண்பாதையின் அகலம் ஒன்றே. தொழில் வரலாறு பயில்வோர் ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுமுன் இவ்வழி ஒருமுறை மிதித்துப் பார்ப்பது நன்று.

மாலையில் எதிர்க்காற்று வீசும்போது மிதிப்பவரின் முதுகு தானே வளைகிறது; தோள்கள் முன்னே சாய்கின்றன. கயிற்றில் பூட்டப்பட்டவரின் உடலும் அவ்வாறே சாய்ந்திருக்கும். ஆயினும் மிதிவண்டிக்காரர் விரும்பிய இடத்தில் இறங்கி நிற்கலாம். மற்றவருக்குப் பின்னால் படகு இருந்தது. படகில் குடும்பம் இருந்தது.