விளக்கைத் திறக்கலாமா?

'ஓப்பன் த லைட்' என்று சீன மாணவி ஒருத்தி தன் ஆங்கிலக் கட்டுரையில் எழுதுகிறாள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வட்டமிடுகிறார். பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். அடுத்த கட்டுரையில் அவள் விளக்கைப் பற்றி எழுதுவதே இல்லை.

அவள் செய்தது கவனக்குறைவால் நேர்ந்த பிழை அன்று. மெண்டரின் மொழியில் 'காய்' என்றொரு வினைச்சொல் உண்டு. (நம் காதுக்கு மாங்காயும் தேங்காயும் நினைவுக்கு வரும், பொருளில் தொடர்பேதும் இல்லை.) கதவைத் திறப்பது 'காய்'. விளக்கையும் தொலைக்காட்சியையும் இயக்குவதும் அதுவே. மகிழுந்தை ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, பூ மலர்வது, தண்ணீர் கொதிப்பது, மருத்துவர் மருந்து எழுதிக் கொடுப்பது ஆகிய அனைத்திற்கும் அந்த ஒரு சொல் போதும். அதன் பழைய எழுத்து வடிவில் இரட்டைக் கதவும், அதன் தாழ்ப்பாளை நீக்கும் இரு கைகளும் இருந்தன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று பள்ளிகளில் கற்பிக்கப்படும் எளிய வடிவத்தில் கதவு இல்லை. எழுத்திலிருந்து கதவு போனதுபோல், பொருளும் கதவை விட்டு வெகுதூரம் போய்விட்டது.

'ஓப்பன்' என்றால் 'காய்' என்றுதான் அவள் முதலில் கற்றிருப்பாள். ஆகவே 'காய்' செல்லும் இடமெல்லாம் 'ஓப்பன்' செல்லும் என்று எண்ணுகிறாள். போதாக்குறைக்கு, மலாய் மொழியிலும் 'புக்கா லம்பு' என்று விளக்கைத் திறக்கத்தான் சொல்கிறார்கள். அவள் அறிந்த மூன்று மொழிகளில் இரண்டு ஒன்றுபோல் பேசும்போது, அவள் மூன்றாவதை எப்படிச் சந்தேகிப்பாள்?

ஆங்கிலம் விளக்குக்கு 'டர்ன் ஆன்' என்கிறது. 'டர்ன்' என்றால் திருப்புதல். லண்டனின் பால் மால் வீதியில் 1807இல் எரிவாயு விளக்குகள் எரிந்தன. பின்னர் அவை வீடுகளுக்கும் வந்தன. குழாயின் திருகைத் திருப்பினால்தான் வாயு வரும். பிறகு மின்சாரம் வந்தது. இன்று விசையை அழுத்துகிறோம். திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. சொல் மட்டும் தங்கிவிட்டது.

தமிழரோ விளக்கைப் 'போடுகிறோம்'. தேநீர் போடுகிறோம், சட்டை போடுகிறோம், ஊசி போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். இவை ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு வினைச்சொல். தமிழ் மாணவன் ஒருவன் தேநீருக்குப் 'புட்' என்று எழுதினால், அவனும் அந்தச் சீன மாணவியின் வழியில்தான் போகிறான்.

வினைச்சொல்லைத் தனியே மனப்பாடம் செய்வதைவிட, அது சேரும் பெயர்ச்சொல்லோடு சேர்த்துக் கற்பது நல்லது. கதவு, புட்டி, புத்தகம், கடை, வங்கிக் கணக்கு ஆகியவற்றிற்கு 'ஓப்பன்' பொருந்தும். மின்சாரத்தில் இயங்கும் கருவியை இயக்குவதற்குப் பொருந்தாது. தொலைக்காட்சியை 'ஓப்பன்' செய்ததாகச் சொன்னால், யாரோ திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்க்கிறார் என்று ஆங்கிலேயர் நினைத்துக்கொள்வார். கணினி இன்னும் வேடிக்கையானது. கணினிக்கு 'டர்ன் ஆன்'. அதனுள் இருக்கும் கோப்புக்கு 'ஓப்பன்'.

அறிவியல் ஆசிரியரைக் கேட்டால் அவர் வேறொன்று சொல்வார். திறந்த மின்சுற்றில் மின்னோட்டம் பாயாது. அவர் கணக்கில், விளக்கைத் 'திறந்தால்' அறை இருட்டாகிவிடும்.