சுழலும் கால்பட்டை

பட்டம் விடுவது சிறு பிள்ளைகளுடைய காரியம் என்றே நாம் வெகு காலமாக எண்ணியிருந்தோம். சென்ற ஆனி மாதம் நம் தமையனார் குமாரன் நம்மை அச்சங்குளத்திலிருந்து இராமேசுவரத்துக் கரைக்கு அழைத்துச் சென்றபோது அந்த எண்ணம் மாறிற்று. அங்கே பட்டம் அல்லவா ஆளை விட்டுக் கொண்டிருந்தது!

பன்னிரண்டு சதுர மீட்டர் பட்டம். இருபது மீட்டருக்கு மேல் கயிறு. அதன் முனை இடுப்புக் கச்சையில். காலடியில் ஒன்றரை கஜ நீளமுள்ள பலகை. தென்மேற்குக் காற்று இழுக்க, ஆள் அலைமேல் பறக்கிறான். பிரான்ஸ் தேசத்து லெகேன்யூ சகோதரர்கள், காற்றடைத்து நீரில் மிதக்கும் பட்டத்துக்கு 1984-ல் காப்புரிமை கோரினார்கள். 2024-ல் இவ்விளையாட்டு ஒலிம்பிக் பந்தயத்திலேயே இடம் பெற்றுவிட்டது.

பிள்ளையாண்டானுக்கு வலது முழங்காலில் ஓயாத வலி. காரணம் பலகையில் இருக்கிறது. இரண்டு பாதங்களையும் பட்டைகளுக்குள் நுழைத்து நிற்க வேண்டும். பட்டைகளோ திருகாணியால் முடுக்கப்பட்டவை. ஓடும்போது முன்கால் போகும் திசையை நோக்கித் திரும்ப விரும்புகிறது. பின்கால் குறுக்கே நிற்க விரும்புகிறது. திசை மாறினால் முன்கால் பின்காலாகிவிடும். ஆகையால் இரண்டுக்கும் நடுவான ஒரு கோணத்தில் முடுக்கி வைக்கிறார்கள். பாதம் திரும்ப வழியில்லாதபோது அந்த முறுக்கு எங்கே போகும்? முழங்காலுக்குத்தான். அதுவோ கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், திருகினால் பொறுக்காது.

"பட்டையே சுழன்றால் என்ன, சித்தப்பா?" என்றான். சிவகாசியில் அச்சு யந்திரங்களுக்கு உறுப்புகள் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர் ஒருவர் நமக்குப் பழக்கம். அவர் நைலானில் இரண்டு வட்டுகள் கடைந்து, பட்டைக்கு அடியில் பொருத்தி, அளவுக்கு மீறித் திரும்பாதபடி ஒரு முளையும் வைத்துக் கொடுத்தார். பார்ப்பதற்கு வெகு அழகு. கூலி வாங்க மறுத்துவிட்டார். இது எதற்கென்று கடைசி வரை அவருக்கு விளங்கவில்லை.

நமக்குக் கவலை வேறு. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் பலர் மாண்டார்கள். அது முதல் எதைக் கண்டாலும் 'இதிலிருந்து வெளியேறுவது எப்படி?' என்று கேட்பது நம் வழக்கமாகிவிட்டது. பட்டை சுழலட்டும், கால் கழலுமா? குதிரையிலிருந்து விழுந்தவனை அங்கவடியில் சிக்கிய கால் இழுத்துச் சென்ற கதைகள் எத்தனை! ஆகவே, பட்டையை வெல்க்ரோவால் தளர்த்தி, குதிகாலை உயர்த்தினால் பாதம் நழுவும்படி செய்தாலன்றிக் கடலில் இறங்க விடமாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தோம். அவன் முகம் சுளித்தான், ஆனாலும் இணங்கினான்.

இரண்டு நாள் ஆனந்தம். முழங்காலைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் ஒரு பெருங்காற்று அவனை மரத்தளவு உயரத்துக்குத் தூக்கிப் போட்டது. பலகை ஒரு பக்கம் மிதந்தது. ஆளைக் காணோம். நாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு நீருக்குள் ஓடினோம். நமக்கு நீந்தத் தெரியாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

அவன் வெகு தூரத்தில் தலையைத் தூக்கினான். கரையேறியதும், "மணல் புகுந்து வட்டு சிக்கிக்கொண்டது, சித்தப்பா. பட்டைதான் காலை விட்டுவிட்டது" என்றான்.

இப்போது மணல் வடிவதற்காக வட்டின் அடியில் நான்கு பள்ளங்கள் வெட்டச் சொல்லியிருக்கிறோம். பட்டையின் தளர்ச்சியில் மட்டும் கை வைப்பதில்லை என்று அவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டோம்.