பேரைச் சொன்னாலே ஓடும் ‘புலி’... பூனைக்குட்டியைப் பழக்கப் போன ஒரு வீட்டின் கதை!

நாய்க்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். பூனைக்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டால், படுத்த இடத்திலிருந்தே ஒரு காதை மட்டும் திருப்பும். ‘இதுக்கு ஒண்ணும் புரியாது’ என்று நாமும் முடிவுகட்டிவிடுவோம்.

ஆனால், அந்தக் காது திரும்பியதே பதில்தான். ஜப்பானிய ஆய்வாளர் அட்சுகோ சைட்டோவும் அவருடைய சக ஆய்வாளரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களின் குரலையும் வளர்ப்பவரின் குரலையும் பதிவு செய்து வீட்டுப் பூனைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். வளர்ப்பவரின் குரலைப் பூனைகள் அடையாளம் கண்டுகொண்டன. எழுந்துதான் வரவில்லை. காதையும் தலையையும் அசைத்ததோடு சரி. 2019-ல் சைட்டோவின் குழு இன்னொன்றையும் காட்டியது. வேறு சொற்களுக்கு நடுவே தன் பெயர் வந்தால், அதைப் பூனையால் பிரித்து அறிய முடிகிறது.

ஆக, பெயர் தெரிகிறது. பெயரைக் கேட்டதும் வருவதா, ஓடுவதா என்பது, அந்தப் பெயரோடு சேர்த்து இதுவரை அதற்கு என்ன கிடைத்தது என்பதைப் பொறுத்தது. திருச்சி உறையூரில் உள்ள ஒரு வாடகை வீட்டுக்கு இது புரிவதற்கு ஒரு கல்யாண ப்ளவுஸ் கிழிய வேண்டியிருந்தது.

ஐப்பசி மழையில் வந்த புலி

அந்த வீட்டில் மூன்று பேர். ஆரி ஒர்க் செய்து கொடுக்கும் அம்மா, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், அப்பாயி. அப்பாவுக்கு சிங்கப்பூரில் வேலை. ஐப்பசி மழையில் டியூஷன் முடிந்து வந்த மகன், சட்டைக்குள் ஒரு பூனைக்குட்டியைப் போட்டுக்கொண்டு வந்தான். உடம்பு முழுக்க வரி. உள்ளங்கையில் அடங்குகிற அதற்கு ‘புலி’ என்று பெயர் வைத்தான்.

முதல் வாரத்திலேயே புலி அவன் விரலைக் கடித்துவிட்டது. தெருவில் கிடைத்த குட்டி என்பதால் அப்பாயி யோசிக்கவே இல்லை. காயத்தை சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ஊசி போட வைத்தார். “சின்னக் கடிதானேன்னு இருக்கக் கூடாதும்மா” என்று மருமகளிடம் சொன்னார்.

கடியோடு நிற்கவில்லை. பீரோவுக்குப் பின்னால் சிறுநீர். விடியற்காலை நாலரை மணிக்குக் கத்தல். திரைச்சீலை முழுக்க நூல். ஒவ்வொரு முறையும் வீட்டில் கேட்ட சத்தம் ஒன்றுதான்: “ஏய் புலி!”

பிறகு, அந்த ப்ளவுஸ். முகூர்த்தத்துக்கு என்று ஒரு கல்யாணப் பெண் கொடுத்திருந்த பட்டுத் துணி. ஆரி ஸ்டாண்டில் இழுத்துக் கட்டியிருந்த அதன் மேல் புலி ஏறி, கைப்பகுதியில் நகத்தைப் போட்டுவிட்டது. ஆரி வேலை சங்கிலித் தையல். ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து கோத்த மணிகள் தரையில் உருண்டன. புதுப் பட்டுக்கும் அம்மாதான் காசு போட வேண்டும்.

அம்மா சத்தம் போடவில்லை. மணிகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: “ஞாயித்துக்கிழமை மீன் மார்க்கெட்ல கொண்டு போய் விட்டுட்டு வந்துரு தம்பி. அங்க பொழச்சுக்கும்.”

அப்பாயிக்கு அந்த வார்த்தை புதிதல்ல. பழைய வீட்டில் இருந்தபோது அவரே மூன்று தடவை குட்டிகளைக் கோணிப்பையில் கட்டி மார்க்கெட்டில் விட்டவர்தான். “பொழச்சுக்கும்னு சொல்றது நம்ம மனசுக்கு ஆறுதல்மா. அடுத்த வாரம் மீன் வாங்கப் போனப்போ ஒண்ணைக்கூட நான் பார்க்கலை” என்றார். பெரிய கடுவன் பூனைகளும் தெருநாய்களும் வண்டிகளும் இருக்கும் இடத்தில், கையில் சோறு வாங்கித் தின்று பழகிய குட்டிக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள்கள் இருந்தன.

டாக்டர் கேட்ட இரண்டாவது கேள்வி

பூச்சி மருந்தாவது கொடுத்துவிட்டு விடலாம் என்று மகன் கெஞ்சியதால், மறுநாள் காலை கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள். பல்லைப் பார்த்த டாக்டர், ஒன்றரை மாதம் இருக்கும் என்றார். “என்ன சேட்டை பண்ணுது?” என்று கேட்டார். அம்மா வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டாக்டர் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

“அதுக்கு நீங்க என்னம்மா பண்ணீங்க?”

பேப்பரைச் சுருட்டித் தட்டியது, சிறுநீர் போன இடத்தில் மூக்கை வைத்துத் தேய்த்தது, இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் பீய்ச்சியது, பாத்ரூமில் போட்டுப் பூட்டியது என அந்தப் பட்டியலும் நீளமாகத்தான் இருந்தது.

“அடிச்சா ‘இது தப்பு’ன்னு அதுக்குப் புரியாதும்மா. ‘இந்த ஆளு ஆபத்து’ன்னுதான் புரியும். அப்புறம் நீங்க இல்லாத நேரமாப் பார்த்து அதையே பண்ணும்” என்றார் டாக்டர்.

நம் ஊருக்கு இது தெரியாத விஷயமல்ல. ‘சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது’ என்பது பழமொழி. தெனாலிராமன் தன் பூனைக்குக் கொதிக்கும் பாலை வைத்த கதையும் எல்லோருக்கும் தெரியும். ஒரே தடவை வாய் வெந்தது. அதன்பின் பாலைக் கண்டாலே அது ஓடியது. கதையைக் கேட்டு ராமனின் தந்திரத்துக்குச் சிரிக்கிறோம். பூனையின் பக்கம் நின்று பார்த்தால், ஒரே நாளில் கற்றுக்கொண்ட அதன் கூர்மையும் தெரியும். சுட்டது சூடுதான், பாலின் மேல் குற்றமில்லை என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை. வலி வந்த நேரத்தில் எது எதிரில் இருந்ததோ, அதன் மேல் பயம் ஒட்டிக்கொள்கிறது.

உறையூர் வீட்டில் அடி விழுந்த நேரத்திலெல்லாம் எதிரில் இருந்தது அம்மாவின் கை. காதில் விழுந்தது ‘புலி’ என்ற பெயர். பெயரைச் சொன்னாலே குட்டி பீரோவுக்குப் பின்னால் ஓடியதற்கு அதுதான் காரணம்.

பெட்டிக்குள் பூனை

பூனை எப்படிக் கற்கிறது என்பதை முதன்முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக். பசியோடு இருக்கும் பூனையை மரச்சட்டப் பெட்டிக்குள் விட்டு, வெளியே உணவை வைத்தார். உள்ளே தொங்கும் ஒரு வளையத்தை இழுத்தாலோ, ஒரு மிதியை அழுத்தினாலோ கதவு திறக்கும். பூனை முதலில் பிறாண்டியது, கடித்தது, இடுக்கில் கையை விட்டது. தற்செயலாக வளையத்தில் கால் பட்டுக் கதவு திறந்தது. மறுபடி மறுபடி உள்ளே விட்டபோது, வெளியே வரும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. 1898-ல் இதை அவர் வெளியிட்டார். பலன் கொடுத்த செயல் தங்குகிறது, பலன் தராதது உதிர்கிறது என்பது அவர் கண்ட விதி.

குட்டிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1969-ல் ஃபிலிஸ் செஸ்லர் வெளியிட்ட ஆய்வில், நெம்புகோலை அழுத்தினால் உணவு வரும். தாய் அழுத்துவதைப் பார்த்த குட்டிகள் சீக்கிரம் கற்றுக்கொண்டன. வேறொரு பூனையைப் பார்த்தவற்றுக்குக் கூடுதல் நாள் பிடித்தது. யாரையும் பார்க்காமல் தானாக முயன்ற குட்டிகள் கற்கவே இல்லை.

தாயை இழந்த ஒன்றரை மாதக் குட்டிக்கு என்ன குறை என்பது இதில் தெரியும். கூடப்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போது, அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்தும். எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவை அங்கேதான் அது பழகுகிறது. புலிக்கு அந்த வகுப்பு பாதியில் நின்றுபோனது. போதாததற்கு, மகன் தன் விரல்களை ஆட்டி ஆட்டி விளையாட்டுக் காட்டியதால், விரல் என்பது வேட்டைப் பொருள் என்று அது முடிவு செய்துவிட்டது.

நான்கு நாளில் மாறியவை

முதலில் பெயரை மீட்டார்கள். திட்டும்போது ‘புலி’ என்று சொல்லக் கூடாது என்று வீட்டில் சட்டம். வேகவைத்த கோழியைக் கடலைப்பருப்பு அளவுக்குக் கிள்ளிவைத்து, தட்டில் போடும் நொடியில் மட்டும் மெதுவாக “புலி” என்றான் மகன். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டே நிமிடம், சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. மூன்றாம் நாள் பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு காது எட்டிப் பார்த்தது.

மணல் தட்டு வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. மெஷின் சுற்றும்போதெல்லாம் குட்டி அதை விட்டு ஓடியிருக்கிறது. தட்டை பால்கனி மூலைக்கு மாற்றி, இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மணல் போட்டு, தினமும் அள்ளிச் சுத்தம் செய்தார் அப்பாயி. பீரோவுக்குப் பின்னால் வாசனை துளியும் இல்லாதபடி கழுவினார்கள். சாப்பிட்டு முடித்ததும் குட்டியைத் தூக்கித் தட்டில் விட்டார்கள். சாப்பிடும் இடமும் கழிக்கும் இடமும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும் என்பது பூனையின் சட்டம். அதை இந்த வீடுதான் மீறிக்கொண்டிருந்தது.

பிறாண்டலை நிறுத்த முடியாது. நகத்தின் பழைய உறையை உதிர்க்கவும், முதுகை நீட்டி முறிக்கவும், பாதத்தின் வாசனையை விட்டு ‘இது என் இடம்’ என்று சொல்லவும் பூனை பிறாண்டியே ஆக வேண்டும். இழுத்துக் கட்டிய துணியும் மரச்சட்டமும் கொண்ட ஆரி ஸ்டாண்டைவிட வசதியான இடம் அதற்குக் கிடைக்குமா? அப்பாயி ஒரு பழைய பலகையில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அந்த ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே சாய்த்துக் கட்டினார். அதில் நகம் வைத்த நொடியில் கோழித் துண்டு கிடைத்தது.

கைவிரல் விளையாட்டு நின்றது. குச்சியில் கட்டிய துணித் துண்டு வந்தது. கடித்தால் அடியில்லை, சத்தமில்லை. விளையாட்டு அப்படியே நின்றுவிடும், எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். விளையாட்டு முடிந்ததும் அந்தக் குச்சி அலமாரிக்குள் போய்விடும். நூலையோ கயிற்றையோ விழுங்கினால் குட்டியின் குடலுக்கு ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

யார் யாரைப் பழக்கியது?

நாலரை மணிக் கத்தலில்தான் அம்மா தோற்றுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பொறுப்பார், இரண்டு நாள் பொறுப்பார், மூன்றாம் நாள் எழுந்து சோறு வைப்பார். விடாமல் கத்தினால் என்றைக்காவது கிடைக்கும் என்பதைக் குட்டி அதிலிருந்து படித்துக்கொண்டது.

பூனைகள் இதில் கெட்டிக்காரர்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் மெக்கோம்பின் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வின்படி, உணவு கேட்கும்போது பூனைகள் எழுப்பும் ‘குர்ர்’ ஒலிக்குள் அழுகை போன்ற ஒரு மெல்லிய குரல் கலந்திருக்கிறது. பூனை வளர்க்காதவர்களுக்குக்கூட அது அவசரமாகக் கேட்கிறதாம். அம்மாவால் படுத்திருக்க முடியாததில் வியப்பில்லை.

இரவு படுக்கும் முன் குட்டியைப் பத்து நிமிடம் ஓட ஓட விளையாட வைத்து, அதன் பிறகு சோறு வைத்தார்கள். வேட்டை, சாப்பாடு, தூக்கம் என்பதுதான் பூனையின் ஒழுங்கு. காலையில் கத்தினால் ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. முதல் இரண்டு நாள் கத்தல் கூடியதே தவிர குறையவில்லை. அப்பாயி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “படும்மா, பேசாம படு” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

நான்கு நாளில் புலி முழுதாக மாறிவிடவில்லை. சனிக்கிழமைகூட ஒரு தடவை மணல் தட்டுக்கு வெளியே போனது. ஆனால், அன்று சாயங்காலம் அம்மா ஆரி ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் வந்து கயிற்றுப் பலகையைப் பிறாண்டிவிட்டு, அவர் காலடியில் படுத்துத் தூங்கியது. எந்தக் கைக்குப் பயந்து ஓடியதோ, அந்தக் கைக்குப் பக்கத்தில்.

2019-ல் அமெரிக்காவின் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் வைட்டாலும் குழுவினரும் பூனைக்குட்டிகளைத் தெரியாத அறையில் வளர்ப்பவரோடு இரண்டு நிமிடம், தனியாக இரண்டு நிமிடம், மறுபடி வளர்ப்பவரோடு இரண்டு நிமிடம் என விட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 64 சதவிகிதக் குட்டிகள், வளர்ப்பவர் திரும்பி வந்ததும் பதற்றம் தணிந்து சுற்றிப் பார்க்கத் தொடங்கின. இந்த ஆள் இருந்தால் பயமில்லை என்று குட்டிகள் நினைக்கின்றன. அந்த நினைப்பைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வதுதான் பழக்குவதில் முக்கால் பங்கு வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை மகன் கூடையோடு கூடத்தில் நின்றான். அம்மா அவனைப் பார்த்துவிட்டு, “மீன் மார்க்கெட்டுக்குத்தானே? கால் கிலோ நெத்திலி வாங்கிட்டு வா. மூணு மாசமானதும் ரேபிஸ் ஊசி போடச் சொல்லியிருக்காரு, அந்தத் தேதியையும் காலண்டர்ல குறிச்சு வை” என்றார்.

புலி இப்போதும் சமையல் மேடையில் ஏறுகிறது. யாரும் பார்க்காதபோது திரைச்சீலையில் தொங்குகிறது. ஆரி அறைக்கு வலைக்கதவு போட்டாகிவிட்டது. வேலை முடிந்ததும் கொக்கி ஊசிகளையும் நூல்கண்டுகளையும் எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் அம்மா எழுந்திருக்கிறார். பதினோரு வருடமாக அவருக்கு வராத பழக்கம் அது.